டேப் ஒட்டின சுவிட்ச்

என்னங்க,

சாப்பாடு மேசையில மூடி வெச்சிருக்கேன். பிரஷர் மாத்திரையை மறந்துடாதீங்க. கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடாதீங்க, நான் எப்ப வருவேன்னு தெரியாது.

பழைய போன் லைனை வெட்டினதும் அதே நம்பரை இன்டர்நெட்டுக்கு மாத்தி, போன் பக்கத்துல அந்தக் கறுப்புப் பெட்டியை ஏன் மாட்டினேன்னு உங்களுக்கே தெரியும். நீங்க "வெளியே போடா"ன்னதும் செல்லைக்கூட எடுக்காமப் போன நம்ம பையனுக்கு மனப்பாடமா இருக்கிற ஒரே நம்பர் அது. மூணு தடவை அடிச்சுப் பார்த்தேன், மூணு தடவையும் மணி அடிச்சுது.

பெட்டிக்குக் கரண்ட் இல்லேன்னா மணி அடிக்காது. வெளியே கிளம்பும்போது எல்லா சுவிட்சையும் அணைக்கிற ஆள் நீங்க. அதுக்குத்தான் அந்த சுவிட்ச் மேல டேப் ஒட்டினேன். இன்னைக்கு வேலை விட்டு வந்து பார்த்தா டேப்பைக் காணோம், சுவிட்ச் அணைஞ்சு கிடக்கு. என் செல்லுல அந்த லைனுக்கு வர்ற கால் எல்லாம் காட்டுற ஆப்ல பார்த்தா, பகல்ல ஒரே நம்பர்லேர்ந்து நாலு கால். திருப்பி அடிச்சேன். பஸ் ஸ்டாண்ட் கடைக்காரர் எடுத்தார். "நல்ல காய்ச்சல்மா அந்தப் பையனுக்கு. யாரும் எடுக்கலைன்னு எழுந்து போயிட்டான்"னார்.

அங்கேதான் போறேன். இனி சுவிட்சைத் தொடாதீங்க. அவன் கூப்பிட்டா திட்டாம, "அம்மா வந்துட்டிருக்கா"ன்னு மட்டும் சொல்லுங்க.

பி.கு.: டேப் தானா உதிர்ந்திருக்கும், பழக்க தோஷத்துல அணைச்சிருப்பீங்கன்னு நினைச்சுத்தான் மேலே எழுதினதெல்லாம். இப்போ பால் கவரைப் போடக் குப்பைக்கூடையைத் திறந்தேன். 'பையன் கூப்பிடுவான், அணைக்காதீங்க'ன்னு நான் எழுதி ஒட்டின டேப் உள்ளே கிடக்கு. கிழியாம உரிச்சு, நாலா மடிச்சுப் போட்டிருக்கீங்க.