ஒன்பதாம் எண் இன்னும் வரவில்லை

அன்பு மெர்சி,

இந்தக் கடிதத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்காதே. ரயிலில் நான் பாதி படித்திருக்கும் நாவலைப் பிடுங்கி, கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அவ அவனக் கட்டிக்கலடி, விடு" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்கிறவள் நீ. எத்தனை புத்தகங்களை எனக்கு அப்படிக் கெடுத்திருக்கிறாய். இதை மட்டும் வரிசையாகப் படி.

கூடைப்பந்து லீக் முடிந்துவிட்டது. எட்டு அணிகளில் நமக்கு ஆறாவது இடம். எட்டாவதாக வரும் அணிக்கு அடுத்த வருஷம் தேசிய லீகில் இடமில்லை என்பதால் ஆறு ஒன்றும் கேவலமில்லை. "நான் ஆடியிருந்தா நாலு" என்பாய். கடலை உரித்துக்கொண்டே, அலட்டாமல் சொல்வாய். மெட்ராஸுக்குச் சென்னை என்று பெயர் வைத்துவிட்டார்கள், தெரியுமா? பேப்பரில் சென்னை, பஸ் கண்டக்டர் வாயில் இன்னும் மெட்ராஸ்தான். அங்கே மரத் தளத்தில் ஆடினோம். காரைக்குடி சிமெண்டுத் தரையில் பழகிய நம் கால்கள், யார் வீட்டுக் கூடத்திலோ செருப்போடு நுழைந்துவிட்டதுபோல முதல் பத்து நிமிஷம் கூசின.

உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு. நான் செய்த ஒரு காரியம். நல்லதா கெட்டதா என்று ஐந்து மாதம் எனக்கே தெரியவில்லை.

ஆட்டம் தொடங்கும் முன் பன்னிரண்டு பேர் பட்டியலை எழுதி ஸ்கோர் மேசையில் கொடுப்பது, விளையாட்டுக்காக வங்கியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நம் இருவர் வேலை. நீ கேப்டன், எண்ணையும் பேரையும் சொல்வாய். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நான் எழுதுவேன். நாலு, அஞ்சு, ஆறு என்று வந்து, "ஒம்பது, தேவகோட்டைத் தென்னமரம்" என்பாய். நான் சிரிக்காமல் மெர்சி என்று எழுதுவேன்.

அக்டோபரில் முதல் ஆட்டம், நம் ஊரிலேயே. நீ போய் மூன்று மாதம். அதற்கு முன் ஒரு நாள் பயிற்சியின்போது உன் கண் மஞ்சளாக இருக்கிறதே என்று கேட்டேன். "லைட்டு மஞ்சளா எரியுதுடி" என்றாய். நானும் நம்பினேன். ஏன் நம்பினேன் மெர்சி?

அன்று தனியாக உட்கார்ந்து பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு ஷூ கட்டிக்கொண்டிருந்தேன். மேசையில் இருந்தவர் தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "பதினோரு பேர்தான இருக்கீக. ஒம்பதாம் நம்பர் எங்க?" என்றார். நம் கோச் அழகு சார் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கை உன் பெயரை எழுதியிருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சார் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"லேட்டா வருவாக" என்றார்.

அவ்வளவுதான். ஆட்டம் முடிந்து ஸ்கோர் நகல் தாள் வந்தபோது பெண்கள் எல்லாரும் அதைச் சுற்றி நின்றார்கள். ஆடுகளத்தில் இறங்கிய ஒவ்வொருத்தி பெயருக்கு எதிரிலும் ஒரு சிறிய பெருக்கல் குறி இருக்குமே, உன் பெயருக்கு எதிரே அது இல்லை. ராணி விரலால் அந்த வெற்றுக் கட்டத்தைத் தொட்டு, "இருக்கட்டும்க்கா" என்றாள். அடுத்த ஆட்டத்தில் தெரிந்தே எழுதினேன். அதற்கடுத்த ஆட்டத்திலும். கோட்டயத்தில் ஆடிய அன்று கல்லறைத் திருநாள். தேவகோட்டையில் உன் கல்லறைக்கு வர முடியாத எனக்கு, அந்தப் பெயரை எழுதியது மெழுகுவத்தி ஏற்றியது போல இருந்தது. எந்த ஊரிலும், யார் எந்த பாஷையில் கேட்டாலும் சார் அதையே சொன்னார். லேட்டா வருவாக.

ஆனால் நம் விளையாட்டில் எண்கள் நாலிலிருந்து பதினைந்து வரைதான். ஒன்று, இரண்டு, மூன்றை நடுவரின் விரல்கள் புள்ளிக்கென்று எடுத்துக்கொண்டன. மிச்சம் பன்னிரண்டு எண், பன்னிரண்டு பேர். உன் எண்ணைக் காலியாக வைத்தால் ஒருத்தி வெளியே நிற்க வேண்டும்.

அந்த ஒருத்தி முதல் ஆட்டம் முடிந்த மறு வாரம் வந்தாள். செல்வி அக்கா. ஒக்கூர்க்காரர். கல்லூரிக் காலத்தில் மாவட்ட அணியில் ஆடியவர், கல்யாணமாகி, மூன்று வயதில் ஒரு மகள். உன் இடத்துக்குத் தற்காலிக ஆணையில் எடுத்திருந்தார்கள். உன் இடம் என்று அலுவலகத்தில் யாரோ சொன்ன அன்றைக்கே எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது. குள்ளம். ஓயாத வாய். பந்து கையில் வந்தால் மட்டும் வாய் மூடிவிடும்.

பயிற்சிக்கு ஒரு நாள் தவறியதில்லை. எல்லா ஊருக்கும் எங்களோடு வந்தார். பட்டியலில் பெயர் இல்லாததால் பெஞ்சில்கூட உட்கார முடியாது. மேலே பார்வையாளர்களோடு டிராக் சூட்டில் உட்கார்ந்திருப்பார். "என்ன வள்ளி, ஊர் ஊராக் கூட்டிப் போயி கேலரில உக்கார வச்சு, அதுக்கு எனக்குச் சம்பளமும் குடுக்குறாக. குடுத்து வச்சவ நான்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் புத்தகத்தை எடுத்துக்கொள்வேன்.

ஜனவரியில், திருச்சியிலிருந்து திரும்பும்போது, ஜன்னலோரம் என் எதிரே வந்து உட்கார்ந்தார். சிரிப்பில்லை.

"வள்ளி, ஏப்ரல்ல எனக்கு வயசு வரம்பு முடியுது. அதுக்குள்ள வேலைய நிரந்தரம் பண்ணனும்னா லீக்ல ஒரு மேட்ச்சாவது ஆடுனேன்னு தாள்ல இருக்கணுமாம். எங்க மாமியா கேக்குறாக, புள்ளைய விட்டுட்டு வண்டியேறிப் போறியே, ஆடுனியா இல்லையான்னு. நான் என்னத்தச் சொல்ல?"

உன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பார்ப்போம்க்கா என்றேன். காரைக்குடி வரும்வரை ஒரே பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகும் மூன்று ஆட்டங்களில் உன் பெயரைத்தான் எழுதினேன். தெரிந்தே. எத்தனையோ கதைகளில் இப்படிப்பட்டவளைப் படித்து, என்ன பெண் இவள் என்று நினைத்திருக்கிறேன். எழுதும்போது அது துளியும் நினைவுக்கு வரவில்லை. நீ இன்னொரு முறை சாகக் கூடாது என்பது மட்டும்தான் இருந்தது.

கடைசி ஆட்டம் மார்ச்சில், நம் ஊரில், கேரள அணியோடு. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டைக்குப் பஸ் ஏறினேன். ஒரு யோசனையோடுதான் போனேன். உன் அம்மா பூசைக்குப் போய்விட்டு வந்து, பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெயரை எழுதியது, சார் சொன்னது, செல்வி அக்கா, ஏப்ரல். கடைசியில், "இந்த ஆட்டத்துக்கு என் பேர எடுத்துட்டு அவுக பேரப் போட்டுறலாம்னு இருக்கேம்மா. மெர்சி பேரு அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

அம்மா சிவப்புப் பேனாவை மூடினார்.

"நீ இருக்கடி. இருக்கவ பேர எதுக்கு எடுக்குற?"

நான் அவர் திருத்தி வைத்திருந்த தாள்களைப் பார்த்தேன்.

"அந்தப் புள்ளைக்கு ஒரு மக இருக்குன்ன. இத்தன மாசமா அது அம்மா எங்கன்னு தேடியிருக்குமா இல்லையா? அதுக்காவது அவ ஆடியிருக்க வேணாமா?" பரீட்சைத் தாள் தப்பாயிருந்தால் பிள்ளைகளைக் கேட்கிற குரலில்தான் கேட்டார்.

"கோவமா இருக்கீகளாம்மா?"

"ஆமா" என்றார். தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு, "ஒவ்வொரு ஊர்லயும் எழுதுனியா?" என்றார்.

"ஒவ்வொரு ஊர்லயும்."

"கோட்டயத்துலயும்?"

தலையாட்டினேன். அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "எழுதணும்னு உனக்கு ஆசன்னா, கல்லறையில அவ பேருக்கு அடிச்ச பெயிண்ட் ஒரு மழைக்கே உரிஞ்சு போச்சு. போன நவம்பர்ல நீதான் வரல" என்றார். பிறகு எழுந்து போய் பீரோவைத் திறந்தார். உன் சாமான்களோடு நாங்கள் கொடுத்தனுப்பிய ஒன்பதாம் எண் பனியன் அதில் இருந்தது.

"அவ எவ்வளவு உசரம்?"

என் தோளைக் காட்டினேன். "அட, அவ்வளவுதானா" என்றார். மெர்சி, உன் அம்மா அப்போது சிரித்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு நான் கேட்ட சிரிப்பு. மெஷினில் உட்கார்ந்து, என்னையே அளவுக்கு நிற்க வைத்து, அடியில் ஒரு சாணுக்கு மேல் மடித்துத் தைத்தார். கத்திரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது, தொடவில்லை. "வெட்டல. மடிச்சுத்தான் தச்சிருக்கேன்" என்று கையில் கொடுத்தார்.

செல்வி அக்காவிடம் அதை நீட்டியபோது, அவர் வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம் வள்ளி. வேற நம்பர் தாயேன்."

"பதினஞ்சோட முடிஞ்சிருதுக்கா. வேற எங்க போறது?"

போட்டுக்கொண்டு வந்தார். ஓரத்தில் மடிப்பு கனத்ததால் ஓடும்போது இடுப்பில் தட்டியது. பட்டியலை எழுத உட்கார்ந்தேன். நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதில் பேனா நின்றது. அழகு சார் பக்கத்தில் நின்று மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏப்ரல் விவகாரம் முன்பே தெரியும். "நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேம்மா" என்று பிறகு சொன்னார். அது சரியா என்று அவரிடம் நான் கேட்கவில்லை. எனக்கு அந்த உரிமை இல்லை.

செல்வி என்று எழுதினேன். கையெழுத்து கொஞ்சம் கோணிப்போனது.

மேசையில் அக்டோபரில் இருந்த அதே மனிதர். தலைகளை எண்ணினார். பழக்கத்தில், "ஒம்பது லேட்டாத்தான சார்?" என்றார்.

"வந்துட்டாக" என்றார் அழகு சார்.

இப்போது நீ கடைசிப் பக்கத்தைத் திருப்பத் துடிப்பாய். திருப்பினாலும் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டாம் பாதியில் மூன்று நிமிஷம் மிச்சமிருக்கும்போது ராணிக்கு ஐந்தாவது ஃபவுல், அவள் வெளியே வந்தாள். செல்வி அக்கா இறங்கினார். முதலில் வந்த பந்தைப் தட்டாமல் பிடித்துக்கொண்டே மூன்றடி நடந்து, விசில் கேட்டதும் நடுவரிடம் பந்தைக் கொடுத்தார். கூட்டத்தில் ஒரு பெரியவர், "தாயி, இது கும்மி இல்ல" என்றார். பிறகு செல்வி அக்காவை எதிரணியில் ஒருத்தி இடித்ததற்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. முதல் பந்து வளையத்தைத் தொடவே இல்லை. இரண்டாவது பந்து வளையத்தில் இரண்டு முறை சுற்றி, யோசித்து, உள்ளே விழுந்தது. நான்கு புள்ளியில் நாம் தோற்றோம். மேலே உன் அம்மா மடியில் செல்வி அக்காவின் மகள் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். யார் யாரை அறிமுகம் செய்து வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

நகல் தாளில் ஒன்பதுக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி. அதைப் பார்க்க எனக்கு வலிக்கும் என்று நினைத்திருந்தேன். வலித்தது. ஆனால் நான் நினைத்த இடத்தில் இல்லை. ஐந்து மாதமாக அந்தக் கட்டத்தில் நீ இருந்தாயா மெர்சி, இல்லை, நான் மட்டும் உட்கார்ந்திருந்தேனா?

திங்கட்கிழமை செல்வி அக்காவுக்கு நிரந்தர ஆணை வந்தது. டிபன் டப்பா நிறையக் கந்தரப்பம் கொண்டுவந்தார். உன் பங்கு என்று இரண்டை எடுத்துத் தனியாக வைத்தார். வைத்துவிட்டு, நான் ஏதாவது சொல்வேனோ என்று என் முகத்தைப் பார்த்தார். அந்த இரண்டையும் நான்தான் தின்றேன்.

இனி பட்டியலில் உன் பெயரை எழுத மாட்டேன். நவம்பரில், லீகில் எந்த ஊரில் ஆட்டம் இருந்தாலும், அன்றைக்கு ஒரு நாள் தேவகோட்டைக்கு வருவேன். நல்ல கறுப்புப் பெயிண்டும் மெல்லிய பிரஷ்ஷும் கொண்டு வருவேன். கல்லில் உரிந்துபோன எழுத்துகளை, என் கையெழுத்திலேயே, கோணாமல் எழுதுவேன். அது காயும்வரை பக்கத்தில் உட்கார்ந்து புதுப் பருவத்தின் ஆட்டங்களைச் சொல்வேன். உனக்குப் பிடித்த மாதிரி, முடிவிலிருந்து தொடங்கி.

உன் அம்மா அளவெடுக்க நிற்க வைக்கும்,
உன்னோடு பிறக்காத தங்கை
வள்ளி