புரண்டு கிடந்த மண்

வட்டப் பள்ளத்தின் கரையில் இன்னும் நிற்கிற என் அண்ணனுக்கு,

அன்று நான் உன்னிடம் சொல்லாதது இதுதான்: மண்வெட்டியும் மண்ணை அப்படித்தான் புரட்டும்.

கண்டனூர்ப் பக்கம் தூர்ந்து கிடந்த அந்தப் பள்ளத்தைத் தூர்வார ஜேசிபி ஓட்டிப் போயிருந்தாய். கரையில் ஒரு பக்கம் வெட்டியதுமே வண்டியை நிறுத்திவிட்டு, நிலவியல் படிக்கும் என்னை வரச் சொன்னாய்.

"இங்குட்டு வந்து பாரு ஆத்தா. எங்கயும் செம்மண்ணு மேல, வெள்ளைக் களி அடியில. இங்க தலகீழாக் கெடக்கு!"

விடுமுறையில் நான் சொன்னதை நீ மறக்கவில்லை. விண்கல் மோதினால் நிலம் இதழ் விரிவதுபோல் வெளிப்பக்கம் மடியும். அடியில் இருந்த மண் விளிம்பின் மேலே வந்து கிடக்கும்.

"டீக்கடையில சிரிக்கிறாங்கெ. வானத்துலருந்து விழுந்த பள்ளம்னு நீ சொன்னாத்தான் நம்புவாக."

சோறு கொண்டுவந்த மதினி விடவில்லை. "வானத்துக் கல்லு கெடக்கட்டும். வீட்டுல கொழா ஒழுகுதே, அதப் பாப்பீகளா மாட்டீகளா?"

ஊருணி தோண்டுகிறவர்களும் மேலே இருக்கும் செம்மண்ணைத்தான் முதலில் வெட்டிக் கரையில் கொட்டுவார்கள். பிறகு வரும் வெள்ளைக் களி அதன்மேல் விழும். அது எனக்குத் தெரியும். ஆனால் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஊரே இல்லாத ஒரு காலத்தில், ஒரு வெளிச்சம் இறங்கி இந்த நிலம் பூவாய்த் திறந்ததை ஒரு கணம் நானும் பார்த்தேன். "மண்ண எடுத்துட்டுப் போயி சோதிச்சுச் சொல்றேண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

நான் சொல்வதற்குள் நெஞ்சுவலி என்று உன்னைச் சிவகங்கை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீ திரும்பி வரவில்லை.

அந்த மண்ணிலிருந்த மணலை மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தேன். விண்கல் மோதிய மணலாக இருந்தால் சில மணல்மணிகளுக்குள்ளாவது நேர்க்கோடுகள் நெருக்கமாக, இணையாக ஓடும். உனக்காக ஒரு கோடாவது இருக்காதா என்று தேடினேன். எல்லா மணியும் கோடில்லாமல் தெளிவாக இருந்தது. பிறகு நீ வெட்டிய கரையில், வெள்ளைக் களிக்கு அடியில், அந்தச் செம்மண்ணுக்குள் ஒரு கலயத்தின் உடைந்த விளிம்பு கிடைத்தது. யாரோ கஞ்சி குடித்த கலயம். மனிதர்கள் வெட்டியதுதான், அண்ணே. எப்படி இத்தனை வட்டமாக வெட்டினார்கள்?

மதினியிடம் சொன்னேன்.

"அப்ப ஒங்க அண்ணன் சொன்னது பொய்யா?"

"தலகீழாக் கெடக்குன்னு சொன்னது நெசம் மதினி. பொரட்டுனது யாருங்கிறதுதான் வேற."

"அது போதும்" என்றார். டீக்கடையிலும் அதையே சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

உண்மையான விண்கல் பள்ளங்களில்கூட, விழுந்த கல் பெரும்பாலும் கிடைப்பதில்லை. மோதிய வேகத்தில் ஆவியாகிவிடும். பள்ளம் மட்டும் இருக்கும். இதை நீ கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

உன் மகள் வளரட்டும். விண்கல் மோதிய மணலையும் நம் ஊருணி மணலையும் அடுத்தடுத்து வைத்து, அவள் கண்ணாலேயே பார்க்கச் செய்வேன். மண் தலைகீழாகக் கிடந்ததை முதலில் பார்த்தது அவள் அப்பா என்றும் சொல்வேன்.

மிச்சத்தை வேறொருவர் வந்து தூர்வாரி முடித்தார். நீ காட்டிய கரையை மட்டும் வெட்டாமல் விட்டார். ஐப்பசியில் மழை பெய்தது. பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது.

உன்கூடப் பிறந்தவள்,
தங்கச்சி