அரையிறுதிக்கு நடுவில் எடுத்த தாடி

கூசிலம்பி,
ஏப்ரல் 30

அன்பு மகள் சானெல்மாவுக்கு, அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளையும் பெர்த் வெயிலில் சுகமாக இருக்க வேண்டும். இந்தத் தடவை சுகம் என்று சும்மா எழுதவில்லை, டாக்டர் கையெழுத்துப் போட்ட தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பதறாதே. கெட்டது ஒன்றும் இல்லை என்று அதில் இருக்கிறது, அதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படி. எல்லாவற்றையும் என் கையாலேயே எழுத வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு.

மார்ச்சில் ஐஸ் ஹாக்கி நாக்-அவுட் சுற்று தொடங்கிய அன்று காலை கடைசியாகச் சவரம் செய்தபோது தாடைக்குக் கீழே பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி விரலில் தட்டுப்பட்டது. டாக்டரிடம் போகலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நம் அணி ஆந்தைகள் முதல் மூன்று ஆட்டத்தையும் ஜெயித்து, காலிறுதியையும் தாண்டித் தொலைத்தார்கள். உனக்கே தெரியும், நாக்-அவுட் தொடங்கிவிட்டால் கோப்பையைத் தூக்கும்வரை, இல்லை தோற்று வெளியே போகும்வரை, கேப்டனிலிருந்து ஆடுகளத்து ஐஸை மழுக்குகிற வண்டி ஓட்டுகிற நான்வரை நம் அரங்கில் ஒருத்தன் முகத்திலும் கத்தி படக்கூடாது, பட்டால் ராசி போய்விடும். டாக்டரிடம் போனால் முதல் வேலையாகத் தாடியை எடுப்பார்கள். பத்தொன்பது வருஷம் கழித்து அரையிறுதிக்கு வந்திருக்கிறோம், அது என் தாடையால் கெட வேண்டுமா என்று வாயை மூடிக்கொண்டேன். தாடியும் வளர்ந்தது, கட்டியும் வளர்ந்தது. ஒரு மாதத்தில் புறா முட்டை அளவுக்கு வந்துவிட்டது.

அம்மாவிடம் மாட்டிக்கொண்டது சவுனாவில், ஆவிக் குளியலின்போது. சனிக்கிழமை சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவி எழும்பியதும் தாடி நனைந்து தோலோடு ஒட்டிக்கொண்டது. "தாவுனோ, அது என்னய்யா தாடையில?" என்றாள். வண்டிக் கதவில் இடித்துக்கொண்டேன் என்று புளுகினேன். "முப்பத்தொரு வருஷமா உன் புளுகைக் கேட்டுக்கிட்டு இருக்கேன், வேற சொல்லு" என்று திங்கட்கிழமையே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா தொட்டுப் பார்த்து முகம் மாறி, வியாழக்கிழமை காலையே எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். வியாழன் மாலைதான் நம் அரங்கில் அரையிறுதியின் ஆறாவது ஆட்டம், முதலில் நாலு ஜெயிப்பவர்களுக்குத்தான் இறுதி, தோற்றால் வெளியே. பத்து நாள் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். டாக்டர் உடனே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும், அவரோ "இப்ப எத்தனைக்கு எத்தனை?" என்றார். "நாம ரெண்டு, அவங்க மூணு" என்றேன். அவரும் ஒரு நிமிஷம் யோசித்தார் பார், அம்மாவுக்கு வந்ததே கோபம். "ரெண்டு பேருக்கும் மூளை உறைஞ்சு போச்சா?" என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டாள்.

போனவள் நேரே அரங்குக்குப் போயிருக்கிறாள். நான் அன்று காலையில்தான் கண்ணாடி மாதிரி வைத்திருந்த ஐஸ், அதன்மேல் தெருச் செருப்போடு நடந்து, பயிற்சிக்கு நடுவில் கேப்டன் ரோப்பேயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் இது தெரியாமல் டாக்டரிடமிருந்து வேலைக்குத் திரும்பி, கொட்டகையில் ஐஸ் வண்டிக்குப் பிளேடு மாற்றிக்கொண்டிருந்தேன். ரோப்பே சவர மிஷினோடு வந்து நின்றான். "மாமா, கோல் போடுறது நான், உங்க தாடி இல்ல. உட்காருங்க" என்றான். தொடர் முடியட்டும் என்றேன். அவன் மிஷினைப் போட்டுத் தன் கன்னத்திலேயே மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தான். சிவப்புத் தாடி கொத்தாக என் பூட்ஸ்மேல் விழுந்தது. "இப்ப என்னுதும் போச்சு. இனிமே எதைக் காப்பாத்தப் போறீங்க?" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது சானெல்மா, அவன் முன்னாலேயே அழுதேன். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன், அவனே எடுத்துவிட்டான். கட்டிப் பக்கம் வந்ததும் மிஷினை மெதுவாக அதைச் சுற்றிக் கொண்டுபோனான்.

வியாழன் மாலை கழுத்தில் கட்டோடு ஆஸ்பத்திரியில் ரேடியோ கேட்டேன். நாலுக்கு ஒன்று, தோற்றோம். ஊரில் பாதிப் பேர் அது என் தாடையால்தான் என்கிறார்கள். அரங்கில் சாசேஜ் விற்கிற இர்மா, சாசேஜில் ஊற்றுகிற கடுகுச் சாஸ் பாட்டிலைக் கண் முன்னால் வைத்துக்கொண்டே "உனக்குக் கடுகு தீந்து போச்சு" என்கிறாள். திட்டட்டும். முந்தாநாள் சோதனை முடிவு வந்தது, சாதாரணக் கட்டிதானாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் நரம்பை அழுத்தி வாய் ஒரு பக்கம் கோணியிருக்கும் என்றார் டாக்டர். அம்மா பதினைந்து நாளில் முதல் தடவையாக நேற்றுத்தான் குறட்டை விட்டுத் தூங்கினாள்.

ஒன்று மட்டும் இன்னும் சொல்லவில்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை நீ போனில் எப்படி இருக்கிறீர்கள் அப்பா என்று கேட்டாய், நாலு தடவையும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன் என்றேன். ஊரிலிருப்பவர்களிடம் மறைக்க எனக்குத் தாடி வேண்டியிருந்தது. உன்னிடம் மறைக்க அதுகூடத் தேவைப்படவில்லை, நீ அவ்வளவு தூரத்தில் இருக்கிறாய். மன்னித்துவிடு மகளே. இந்த ஞாயிறு முகம் தெரிகிற மாதிரி கூப்பிடு. தையல் பார்க்க நன்றாக இருக்காது, இருந்தாலும் பார்.

தொப்பி இல்லாமல் வெயிலில் போகாதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும்.

உன் அப்பா,
தாவுனோ