உறுமல் பூஜ்யம்

8 ஜூன் 2003, ஞாயிறு

காலை எட்டுக்கே தகிப்பு. கடல் காற்று மதியம்தான். வந்தால். மொட்டைமாடித் துணிகளை எடுக்கச் சொல்லி விஜயா இரண்டு முறை சொன்னாள். இரண்டு முறையும் மறந்தேன்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் கடிதம் கொண்டுவந்தார். எதிர் வீடுதான், வாயால் சொல்லியிருக்கலாம். "தங்கள் பொறுப்பில் உள்ள மேற்படி நாய், போவோர் வருவோரைப் பார்த்து உறுமுவதாகப் புகார்கள் வரப்பெற்றுள்ளன." மேற்படி நாய் அப்போது அவருடைய செருப்பை முகர்ந்துகொண்டிருந்தது. கிளம்பும்போது குடையைத் தூக்கி விரித்தார். உறுமியது. "பாத்தீங்களா!" என்றார், சாட்சி கிடைத்த மகிழ்ச்சியில். ஒரு மாதக் கெடு. அதற்குள் திருந்தாவிட்டால் வெளியேற்றம்.

வீரா வந்து இரண்டு வருடம். சதுரங்கப்பட்டினம் போகும் சாலையோரம் கிடந்தான், குட்டியாக, முன்னங்கால் வீங்கி. யாரோ கட்டையால் அடித்திருந்தார்கள். அதிலிருந்து, எது தலைக்கு மேல் உயர்ந்தாலும் பயம். குடை, ஒட்டடைக் கம்பு, இஸ்திரிக்காரர் ஏழுமலை தோளில் சுமந்துவரும் துணி மூட்டை. இதுவரை யாரையும் கடித்ததில்லை. வீரா என்று பெயர் வைத்தவள் மகள் சுதா. வீரம் எதுவும் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

சுதாவுக்கு ஏழு மாதம் முடிகிறது. ஜூலை 13 பெங்களூரிலிருந்து வருகிறாள், பிரசவத்துக்கு. வி. சொன்னாள்: "பச்சக் கொழந்த இருக்கப்போற வீடுங்க. இது இப்படி உறுமிக்கிட்டே இருந்தா?" நியாயம்.

11 ஜூன், புதன்

நூலகத்தில் நாய்ப் பயிற்சி பற்றி ஒரு ஆங்கிலப் புத்தகம். எழுதியவர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. நாயைப் பற்றி எழுதும்போதும் படைப்பிரிவின் நினைவாகவே இருக்கிறார்.

வேண்டியவை:
பழைய பால்பவுடர் டப்பா
நட்டு, போல்ட் ஒரு கைப்பிடி
மேரி பிஸ்கட் (சட்டைப் பையில்)
நோட்டு, அளவுகோல்

உறுமினால் டப்பாவைக் காதருகில் குலுக்க வேண்டும். நிறுத்தினால் பிஸ்கட். அவ்வளவுதான். இருபத்தாறு வருடம் கருவிப் பராமரிப்புப் பிரிவில் இருப்பவன் அட்டவணை போடாமல் எதையும் தொடங்க மாட்டான். நேரம், காரணம், எண்ணிக்கை, குறிப்பு. சிவப்பு மையில் கோடு.

இன்று உறுமல் 14.

ஏழுமலை கேட்டருகே நின்று வேடிக்கை பார்த்தார். "இன்னா சார், உண்டியலு குலுக்கினு கீறீங்க?"

பயிற்சி என்றேன்.

"எதுக்கு சார்? நான் மூட்டையத் தூக்கினு வரேன். அது உறுமுது. சர்றா நைனான்னு கேட்டாண்டயே எறக்கி வச்சிட்றேன். வாலாட்டுது. இதுல இன்னா பேஜாரு?"

எண்ணிக்கை, வரைபடம், படிப்படியான குறைப்பு எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "ஆவட்டும் சார். நீங்க படிச்சவுரு" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

15 ஜூன், ஞாயிறு

உறுமல் 9. பல்வலி, இடப்பக்கம். கிராம்பு.

இப்போது டப்பாவைக் கையில் எடுத்தாலே கட்டிலுக்கடியில் போய்விடுகிறான். "நல்ல முன்னேற்றம்" என்று குறிப்புப் பத்தியில் எழுதினேன். கட்டிலுக்கடியில் ஈரம். வி. பார்ப்பதற்குள் துடைத்தேன். அதை எழுதவில்லை.

22 ஜூன், ஞாயிறு

உறுமல் 3. வரைபடம் அழகாக இறங்குகிறது. மதுராந்தகம் போய்த் திரும்பும் வழியில் பேருந்தில் பக்கத்து ஆளிடம்கூடச் சொன்னேன். அவர் தூங்கிவிட்டார். பல் பிடுங்கியாகிவிட்டது.

சுதா போனில்: "வீரா எப்படிப்பா இருக்கான்?" வரைபடத்தை வாசித்துக் காட்டினேன். "அது இல்லப்பா. சந்தோஷமா இருக்கானா?" அதற்குப் பத்தி போடவில்லை என்றேன். சிரித்தாள்.

27 ஜூன், வெள்ளி

பூஜ்யம்.

செயலாளரை வீட்டுக்கு அழைத்தேன். குடையை மூன்று முறை விரித்தார். மூன்றாவது முறை கொஞ்சம் ஏமாற்றத்துடன். வீரா உட்கார்ந்தபடி என் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சத்தமே இல்லை. "பாதுகாப்பு வாரத்துல உங்களுக்கு மொத பரிசு குடுத்தது சும்மா இல்ல சார்" என்றார். வேலையிடத்தில் நடந்த பேச்சுப் போட்டியின் பரிசு. சுவர்க்கடிகாரம். பத்து நிமிடம் பின்தங்கி ஓடும்.

கடிதம் திரும்பப் பெறப்பட்டது. எழுத்து மூலமாக. வி. கேசரி கிண்டினாள். வீராவுக்கும் ஒரு கரண்டி.

2 ஜூலை, புதன்

ஏழுமலையைக் கடித்துவிட்டான்.

காலை ஏழே கால். எப்போதும்போல் கேட்டருகே நின்று, "வர்லாமா நைனா?" என்று கேட்டிருக்கிறார். உறுமல் இல்லை. சரி, பழகிவிட்டது என்று மூட்டையோடு உள்ளே வந்தார். வாசற்படியில் தோளிலிருந்து மூட்டையை வீசி இறக்கினார். அது தரையைத் தொடுவதற்குள் முழங்கைக்குக் கீழே பல். ஒரு சத்தமும் இல்லை. நான் மூன்றடி தூரத்தில், கையில் பேப்பர்.

கடித்த வேகத்தில் விட்டுவிட்டு ஓடிக் கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்தான். வெளுத்த துணியெல்லாம் ரத்தம். செயலாளரின் வேட்டியும் அதில்.

காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். ஆட்டோ. ஆஸ்பத்திரி. முதல் ஊசி. திரும்பும் வழியில் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அது சொல்லல சார். நானும் எறக்கல."

3 ஜூலை, வியாழன்

லீவு. ஊசியை ஏழுமலை முறைப்படி போட்டுக்கொள்ள வேண்டும், நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டாம் தேதி வரை. பதின்மூன்று சுதா.

கடிகாரத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்து காப்பி. எந்தப் பேச்சுக்கு அதைக் கொடுத்தார்கள் என்று நினைவு வந்தது. "எச்சரிக்கை மணி ஓயாமல் அடிக்கிறதே என்று ஒயரைப் பிடுங்காதீர்கள். எதற்கு அடிக்கிறது என்று எழுந்து போய்ப் பாருங்கள்." அந்த இடத்தில் கைதட்டினார்கள். நான் கொஞ்சம் நிறுத்தி, தட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

வீட்டில் ஒயரைப் பிடுங்கியிருக்கிறேன். இரண்டரை வாரம், தினமும், பிஸ்கட் கொடுத்து.

பயத்தை ஒரு துளிகூடக் குறைக்கவில்லை. அதை எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே வழியை அடைத்தேன். அட்டவணையும் வைத்திருக்கிறேன்.

6 ஜூலை, ஞாயிறு

டப்பாவைக் குப்பையில் போட்டேன். மூன்று நாளாகத் தலைகீழ்ப் பயிற்சி. தூரத்தில் நின்று குடையை மெதுவாக உயர்த்துவது. உறுமினால் பிஸ்கட். உறுமுகிற பாடாயில்லை. நானே உறுமிக் காட்டினேன். எதிர் வீட்டு ஜன்னல் மூடிக்கொண்டது.

ஆனால் பார்த்தேன். குடை உயரும்போது அவன் செய்வது:
மூக்கை நக்குகிறான்
தூக்கக் கலக்கமே இல்லாமல் கொட்டாவி
முகத்தை அந்தப் பக்கம் திருப்புகிறான், கண் மட்டும் இந்தப் பக்கம், வெள்ளை தெரிய
வாய் இறுக மூடல்
பிறகு என் சட்டைப் பை

இதெல்லாம் முன்பும் செய்திருப்பான். பழைய நோட்டைப் புரட்டினேன். பதினேழு பக்கம். ஒன்றிலும் இல்லை.

இப்போது எனக்குத் தெரியும். தொட்டிலருகே யார் இருபத்துநாலு மணி நேரமும் உட்கார்ந்து நாயின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருப்பது?

9 ஜூலை, புதன்

ஏழுமலை வந்தார். இடக்கையில் கட்டு, வலத்தோளில் மூட்டை. கேட்டருகே, உறுமல் கேட்காமலே, மூட்டையை இறக்கிவைத்தார். சங்கிலியில் இருந்தபடியே வீரா வாலாட்டினான். உடம்பெல்லாம் ஆடியது. நான் உள்ளே போய் எதையோ தேடினேன்.

கூடவே தன் நண்பர் கஜேந்திரனைக் கூட்டிவந்திருந்தார். கருங்குழிப் பக்கம் சவுக்குத் தோப்பு வைத்திருப்பவர். காவலுக்கு நாய் வேண்டுமாம். கஜேந்திரன் ஒரு கம்பை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றினார். வீரா மூக்கை நக்கினான். கொட்டாவி விட்டான்.

"இன்னா அண்ணாத்த, நாயின்னு சொல்லிட்டு ஊமையக் காட்ற?"

"போன மாசம் நல்லா உறுமினு இருந்துச்சுப்பா. சார்தான்..." ஏழுமலை நிறுத்திக்கொண்டார்.

"உறுமற நாயின்னா இப்பவே தூக்கினு போயிருப்பேன் சார்" என்றார் கஜேந்திரன் என்னிடம். "சொல்லாம கொள்ளாம கடிக்கிறது வாணாம். எங்கூட்லயும் சின்னப் புள்ளிங்கோ கீது." டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

ஆக, போன மாதம் அவனிடம் ஒரு வேலைக்கான தகுதி இருந்தது.

சாயங்காலம் வி. கேட்டாள், கீரையை ஆய்ந்தபடி, என்னைப் பார்க்காமல்: "சுதாவ அவங்க மாமியார் வீட்லயே பிரசவம் வச்சிக்கச் சொல்லட்டுமா?" அவளுக்கு இது எவ்வளவு பெரிய வார்த்தை என்று எனக்குத் தெரியும். இந்தப் பிரசவத்துக்காக ஆறு மாதமாகப் பழைய வேட்டிகளைச் சேர்த்து வைத்திருக்கிறாள். "வேணாம்" என்றேன். ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்தாள்.

11 ஜூலை, வெள்ளி

செங்கல்பட்டில் கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தேன். ஒரே ஊசி, தூங்குவதுபோல் போய்விடும் என்றார். நாளை பதினொரு மணி. ஏழுமலையிடம் சொன்னேன்.

"வாணாம் சார். கடிச்சது என்னத்தான? நானே சொல்றேன், வாணாம்."

குழந்தை என்றேன். மூட்டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். பிறகு, "புடிச்சிக்க ஆள் வேணுமே சார். நான் வரேன்" என்றார்.

சுதாவிடம் கஜேந்திரன் தோப்புக்கு அனுப்புவதாகச் சொன்னேன். "அங்க குடையெல்லாம் இருக்காதுல்லப்பா" என்றாள். இருக்காது என்றேன்.

12 ஜூலை, சனி

மேகமூட்டம். பத்து நாள் முடிந்தது. நாய்க்கு நோய் எதுவும் இல்லை.

வி. தயிர்சாதத்தைக் கையால் ஊட்டினாள். வேனில் அவனை ஏற்றும்போது வீட்டுக்குள் போய்விட்டாள். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை வீரா ஜன்னலில் காற்றை முகர்ந்துகொண்டு வந்தான். பிறகு ஏழுமலையின் மடியில், கட்டுப் போட்ட கையின் மேலேயே தலை. அவர் கையை எடுக்கவில்லை.

டாக்டர் இளைஞர், மரியாதையானவர். "கடிக்குமா சார்?"

"கடிக்கும்."

"உறுமுமா?"

"இல்ல."

வாய்க்கட்டு போடலாம் என்றார். வேண்டாம், நான் முகத்தருகே இருக்கிறேன் என்றேன். ஏழுமலை உடம்பை அணைத்துக்கொண்டார். டாக்டர் மருந்தை ஏற்றி, காற்றுக் குமிழி போக ஊசியை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்தார். தலைக்கு மேல்.

வீராவின் உடம்பு விறைத்தது. மேலுதடு துடித்தது. தொண்டையில் ஏதோ ஏறி வந்தது. கையில் உணர்ந்தேன், பாதி தூரம் வந்தது.

"உறுமுடா" என்றேன். "உறுமு."

விழுங்கிவிட்டான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையை.

ஒன்று இருந்தது. கொடுத்தேன்.