காட்டுத் தொட்டி

ஏப்ரல் 8, திங்கள்

பூச்சு வேலை இன்றோடு முடிந்தது. சாலவாக்கத்துக்குப் பின்னால் இருக்கும் காட்டில், மான்கள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி. ஏரி வற்றி நடுவில் ஒரு குட்டைதான் பாக்கி. அதைத் தேடி வரும் மான்களை நாய்கள் கடித்துக் குதறுகின்றன. இந்தக் கோடையில் மட்டும் மூன்று போய்விட்டதாம். காட்டு வாச்சர் முனிரத்தினம் சொன்னார். உள்ளேயே தண்ணீர் வைத்தால் வெளியே வராது என்று நினைக்கிறார்கள்.

எனக்கு இது புதிதா என்ன? மாட்டுத் தொட்டி எத்தனை கட்டியிருப்பேன்! அதே இரண்டரை அடி உயரம். பாசி ஒட்டாமல் இருக்க உள்பக்கம் சிமெண்ட் பால் ஊற்றி வழவழவென்று இழைத்துவிட்டேன். சித்தாள் அம்முலு எட்டிப் பார்த்து, “இன்னாண்ணா, மூஞ்சி பாத்து பொட்டு வச்சிக்கலாம் போல கீது” என்றாள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

ஏப்ரல் 15, திங்கள்

டேங்கரில் தண்ணீர் நிரப்பினார்கள். வாரத்துக்கு ஒரு டேங்கர். சாயங்காலம் போய்ப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. வீட்டுக்காரி ஷாரோன் சிரிக்கிறாள். “கட்டிக் குடுத்த வூட்ட எந்த மேஸ்திரி தெனம் போய்ப் பாத்துக்கினு கீறான்?”

வாஸ்தவம். ஆனாலும் இருப்புக் கொள்ளவில்லை.

ஏப்ரல் 17, புதன்

தடம் இல்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டுவிட்டு நேராகக் காட்டுக்குப் போனேன். குளம்புத் தடம்! தொட்டியைச் சுற்றி ஈரமண்ணில். ஏழெட்டு இருக்கும், குட்டியும் சேர்த்து. ஷாரோனுக்கு போன் பண்ணிச் சொன்னேன். “சந்தோசம். வரசொல்ல பால் வாங்கிக்கினு வாங்க” என்று வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 24, புதன்

குட்டி செத்துப்போச்சு. என் தொட்டியில.

காலையில் முனிரத்தினம் போன் பண்ணினார். போனேன். திங்கட்கிழமை டேங்கர் வரவில்லையாம், தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. எட்டிக் குடிக்கப் போய் உள்ளே விழுந்திருக்கிறது. ஏற முடியவில்லை. எங்கே ஏறும்? கால் வைக்க ஒரு சொரசொரப்பு உண்டா? நான்தானே இழைச்சு இழைச்சு வச்சேன். நான்கு சுவரிலும் கீறல். வெளியே தாயின் தடம், சுற்றிச் சுற்றி.

மாட்டுக்குப் பக்கத்துல ஆள் இருக்கும். தண்ணி கொறஞ்சா ஊத்தும். கன்னுக்குட்டி எக்கிச்சுன்னா கயித்தப் புடிச்சு இழுக்கும். காட்டுல யார்றா கீறான், ஜான்சன்? இதுகூடவா தோணல?

முனிரத்தினம் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 25, வியாழன்

பெருநகர் கிராமத்தில் சுலோச்சனா அம்மா வீட்டு வேலை. “பாத்ரூம் தரை நல்லா வழவழன்னு வரணும் மேஸ்திரி” என்றார். “வழுக்கி வுளுந்தா என்னைக் கேக்காதீங்க” என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

ஏப்ரல் 26, வெள்ளி

தொட்டியை வடித்துவிட்டார்கள். உள்ளே சரிவு கட்டித் தருகிறேன், என் செலவு என்றேன். “போட்டோ எடுத்து மேல அனுப்பியாச்சு மேஸ்திரி. கை வைக்கணும்னா கேக்கணும்” என்கிறார் முனிரத்தினம். யாரைக் கேட்பது, எப்போது பதில் வரும் — தெரியாது. அதுவரை மான் குட்டைக்குத்தான் போகும். நாய்க்கு யார் போய் லெட்டர் கொடுப்பது?

ஏப்ரல் 28, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. ஷாரோன் தனியாகப் போனாள்.

இழைத்த பூச்சைக் கொத்தி எறிந்தேன். பழைய பூச்சின் மேல் புதுக் கலவை பிடிக்காது, கொத்தத்தான் வேண்டும். ஆனால் நான் அதற்காக மட்டும் கொத்தவில்லை. கூப்பிடாமலேயே அம்முலு வந்து நின்றாள். தரையிலிருந்து விளிம்பு வரை கருங்கல் பதித்துச் சரிவு. மேலே பூசவில்லை, கல் கல்லாகவே நீட்டிக்கொண்டு கிடக்கிறது. வெளிப்பக்கம் மண்ணைக் கொட்டி மேடாக்கினோம். பார்க்க அசிங்கம்.

மதியம் முனிரத்தினம் வந்துவிட்டார். கொத்திப் போட்ட பூச்சைக் காலால் தள்ளிப் பார்த்தார். “நான் இந்தாண்ட வரவே இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரும்போது வண்டியில் இரண்டு கேன் தண்ணீர்.

மே 5, ஞாயிறு

கலவை இறுக மேலே சாக்கு போட்டு, ஒரு வாரம் தினமும் போய் நனைத்தேன். முனிரத்தினம் சொல்லி இன்று டேங்கர் வந்து நிரப்பியது.

மே 8, புதன்

வரவில்லை. காலையும் பார்த்தேன், மாலையும் பார்த்தேன். சிமெண்ட் வாடையா? செத்த வாடையா? அந்தத் தாய்க்கு மறந்திருக்குமா?

முனிரத்தினத்திடம் கேட்டால் பட்டென்று சொல்கிறார்: “நீங்க தெனம் ரெண்டு வாட்டி வண்டிய உறுமிக்கினு வந்து நின்னா அது எங்க வரும்? உங்க வாடதான் மேஸ்திரி. வூட்ல கிடங்க.”

மே 9

போகவில்லை.

மே 10

போகவில்லை. வண்டிச் சாவியை ஷாரோனிடம் நானே கொடுத்துவிட்டேன்.

மே 12, ஞாயிறு

ஏரிக்குட்டையில் நாய்கள் இன்னொன்றை அடித்துவிட்டதாம். பெண் மான். அம்முலு வந்து சொன்னாள். சாப்பாட்டில் கை வைத்தவன் எழுந்துவிட்டேன். சாவியைக் கேட்டேன். “போய் இன்னா பண்ணப் போறீங்க? அதுங்கள கூப்புடப் போறீங்களா?” என்றாள் ஷாரோன். உட்கார்ந்தேன்.

அந்தத் தாய்தானோ? இதை யாரிடம் கேட்பது.

மே 17, வெள்ளி

ஒரு கல் ஆடுகிறது, மான் அண்டாத உச்சி வெயிலில் வந்து பூசிவிட்டுப் போங்கள் என்று முனிரத்தினம் கூப்பிட்டார்.

தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது. சரிவில் கல்லுக்கு நடுவே சேறு படிந்திருந்தது. சேற்றில் தடம். பெரியதும் உண்டு, என் கட்டைவிரல் அகலத்தில் சின்னதும் உண்டு. சின்னதை மட்டும் குனிந்து பார்த்தேன். உள்ளே இறங்கியிருக்கிறது. குளம்பு நுனி மேல் நோக்கித் திரும்பி, ஏறியும் போயிருக்கிறது.

கல்லைப் பூசினேன். கரண்டியைக் கழுவினேன். வண்டியை அங்கே ஸ்டார்ட் பண்ணவில்லை. தார் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தேன்.