சூடான தரையில் ஒரு மலையாடு

ஹேயான் பள்ளத்தாக்கு
மார்ச், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள போரா அப்பாவுக்கு,

டோக்-சிம் எழுதுகிறேன். சாப்பிட்டீர்களா? பல்வலி எப்படி இருக்கிறது? இங்கே நானும் நலம், கூரையும் நலம். தரைக்குச் சூடேற்றும் பாய்லர் மட்டும் உங்களைப் போலவே, எழுப்பினால் உடனே எழுந்திருக்காமல் முனகிக்கொண்டு கிடக்கிறது.

ஃபோனில் பேசாமல் இவள் ஏன் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாள் என்று நினைப்பீர்கள். ஃபோனில் உங்கள் குரல் தாமதமாக வந்து சேருகிறது. நான் கோபித்து முடித்த பிறகு, அதற்கு முன்னால் சொன்னதற்கு நீங்கள் சிரிப்பது கேட்கிறது. அதைக் கேட்டால் இன்னும் கோபம் வருகிறது. தாளில் அந்தத் தொல்லை இல்லை.

உங்கள் கேள்வி கிடைத்தது. தென்துருவ ஆய்வு முகாமில் இன்னும் ஓர் ஆண்டு இருந்துவிட்டு வரட்டுமா, மாத முடிவுக்குள் கையெழுத்துப் போட வேண்டும், உன் சம்மதம் இல்லாமல் போடமாட்டேன் என்று கேட்டிருந்தீர்கள். பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போதே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதீர்கள். செய்தித்தாளையே பின்னாலிருந்து படிக்கிற ஆள் நீங்கள், எனக்குத் தெரியாதா. முதலில் ஆட்டுக் கதையைக் கேளுங்கள்.

இப்படி ஒரு குளிர்காலத்தை நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் கண்டதில்லை. விழுந்த பனி உருகுவதற்குள் அதன் தலையில் அடுத்த பனி விழுந்தது. கதவைத் திறந்தால் எதிரே வெள்ளைச் சுவர்தான். ராணுவ முகாமிலிருந்து பையன்கள் மண்வாரியோடு வந்து வீட்டுக்கு வீடு வழி வெட்டித் தந்தார்கள். காது சிவந்துபோய் நின்ற அந்தப் பிள்ளைகளுக்கு நூடுல்ஸ் வேகவைத்துக் கொடுத்தே வீட்டிலிருந்த கிம்ச்சி ஜாடி பாதி காலி. உலகத்திலேயே குளிரான இடத்துக்குப் போகிறேன் என்று மார்தட்டிப் போனவர், அங்கே கோட்டைக் கழற்றிவிட்டுப் பென்குவினோடு படம் எடுத்து அனுப்புகிறீர்கள். அந்தப் படத்தை நான் கையுறையோடு பார்த்தேன்.

நமக்கே இந்தப் பாடு என்றால் மலையில் இருப்பவை என்ன செய்யும்? மலையாடுகளுக்குக் குட்டைக் கால். பனி வயிற்றைத் தட்டினால் ஓட முடியாது. தின்ன ஓர் இலை கிடையாது. களைத்துப்போய் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகின்றன, கிட்டே போனாலும் அசைவதில்லை. நீங்கள் போன பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் மலையாடு மீட்பு நிலையத்தில் தீவனம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன் அல்லவா, வைக்கோல் பரப்பவும் இலை நறுக்கவும் இரண்டு கை போதாமல் போயிற்று. தடுப்புகள் எல்லாம் நிரம்பி, வண்டி நிறுத்தும் கொட்டகையிலும் ஆடுகளைத் தங்க வைத்தோம்.

என் ஆடு நிலையத்துக்கு நேராக வரவில்லை. ஊர்த்தலைவர் ஹ்வாங்கின் கொட்டகைக்கு வந்தது. முள்ளங்கிக் கீரையைக் கயிற்றில் கட்டிக் காயப்போட்டிருப்பாரே, அங்கேதான். ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், தொங்குகிற கீரைக்கு நடுவில் முன்னங்காலை மடித்து ஒரு பெண்ணாடு கிடக்கிறது. ஒரு கொம்பின் நுனி உடைந்திருந்தது. ஹ்வாங் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, "வெயில் காலத்துல என் மொச்சைய மேயுது, பனிக் காலத்துல என் கீரைய மேயுது. இப்ப படுக்கவும் என் கொட்டாய்க்கே வந்துட்டுது. போரா அம்மா, இதுக்கு நான் மாமனா மச்சானா?" என்றார். சொல்லிக்கொண்டே தன் கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டார்.

சாலை அடைபட்டுக் கிடந்ததால் நிலையத்து வண்டி வர வழியில்லை. ஃபோனில் மருத்துவர் கில் ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னார்: காற்று அடிக்காத இடத்தில் வைக்கோல்மேல் போடுங்கள், கண்ணைக் கட்டுங்கள், பேசாதீர்கள், அவ்வளவுதான். கில் யாரென்றால், நிலையத்துக்குப் புதிதாக வந்த கால்நடை மருத்துவர், நம் பெண் போராவைவிடப் பத்து வயது பெரியவராக இருப்பார், சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்பது போன்ற முகம்.

நான் சரி சரி என்றேன். ஆனால் அந்த உடம்பு நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்த பிறகு எனக்கு மனசு கேட்குமா? பனியில் நனைந்து வாசலுக்கு வந்தவர்களை நாம் எங்கே உட்கார வைப்போம்? தரையில் எங்கே சூடு அதிகமோ அங்கேதானே. ஹ்வாங்கும் நானும் அதைத் தூக்கி வந்து உங்கள் அறையில், பாய்லர் குழாய் தரைக்கடியில் முதலில் நுழைகிற மூலையில் படுக்க வைத்தோம். நம் கல்யாணத்துக்கு வந்த தடித்த பஞ்சுப் போர்வையைப் போர்த்தினேன். தரைச் சூட்டையும் ஏற்றிவிட்டேன். நடுக்கம் நின்றது. எவ்வளவு சந்தோஷம் எனக்கு. ஊரில் யார் வீட்டிலும் இவ்வளவு நல்ல மருமகள் கிடையாது என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

விடிந்து பார்த்தால் ஆடு வாயைப் பிளந்து, நாக்கு வெளியே தொங்க, மூச்சு வாங்குகிறது. நல்ல வேளை, அந்த நேரம் பார்த்து ஹ்வாங்கின் டிராக்டரில் மருத்துவர் கில் வந்து இறங்கினார். அறைக்குள் நுழைந்தவர் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார். "அக்கா, ஆட்டைக் காப்பாத்தக் கூப்பிட்டீங்களா, அவிச்சுத் தரவா?" என்றார். போர்வையை வீசினார், ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டார். காற்றோடு பனியும் உள்ளே வந்து உங்கள் அலமாரிமேல் உட்கார்ந்தது. பனிக்காலத்துக்கென்று அடர்த்தியாக மயிர் வளர்த்து வைத்திருக்கிற உயிரை நான் அடுப்பில் வைத்த மாதிரி வைத்திருக்கிறேன். அழுதேன். அவர் கொஞ்சம் இறங்கி வந்து, "எங்க அம்மாவும் இதையேதான் செஞ்சிருப்பாங்க" என்றார். அது ஆறுதலா திட்டா என்று இன்று வரை தெரியவில்லை.

பிழைத்துக்கொண்டது. ஆனால் நிலையத்துக்குக் கொண்டுபோன பிறகு தீனிக்கு வாய் திறக்கவில்லை. முசுக்கொட்டை இலை வைத்தேன், காட்டுக் கொடி வைத்தேன், விலை கொடுத்து வாங்கிய நல்ல வைக்கோல் வைத்தேன். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இரைப்பை ஒரு முறை ஓய்ந்துவிட்டால் அப்புறம் எழுப்ப முடியாது என்றார் கில். தடுப்புக்கு வெளியே உட்கார்ந்து நான் இலையை மாற்றி மாற்றி வைக்க, அது என்னையே ஒரு பார்வை பார்க்கும். அந்தப் பார்வையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன். கல்யாணமான புதிதில் என் குழம்பை உங்கள் அம்மா பார்த்த பார்வை. அன்றிலிருந்து அதற்கு 'அத்தை' என்று பெயர். நிலையத்தில் பெயர் வைக்கக் கூடாது, எண்தான். அதனால் மனசுக்குள் மட்டும்தான் கூப்பிடுகிறேன். உங்கள் அம்மாவிடம் உளறி வைக்காதீர்கள்.

கடைசியில் ஹ்வாங்கின் கொட்டகையில் அது தின்று கொண்டிருந்தது ஞாபகம் வந்து, ஒரு கட்டுக் காய்ந்த கீரை வாங்கி வந்து முன்னால் போட்டேன். அதையும் தொடவில்லை. கோபத்தில் அந்தக் கட்டை எடுத்து, அவர் வீட்டில் தொங்குவது போலவே கயிற்றோடு உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டுப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்க்கிறேன், அத்தை எழுந்து நின்று கழுத்தை நீட்டி ஒவ்வொன்றாக இழுத்துத் தின்று கொண்டிருக்கிறது. மலையில் கிளையிலிருந்து பறித்துத் தின்று பழகியது, தரையில் கிடப்பதைத் தீண்டுமா? அன்றே எல்லாத் தடுப்பிலும் கயிறு கட்டினோம். கில் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார், ஹ்வாங் சாட்சி. ஹ்வாங்குக்கோ தலைகால் புரியவில்லை. "என் கீரை அருமை ஆட்டுக்குத் தெரியுது. உன் வீட்டுக்காரருக்குத்தான் வருசா வருசம் கசக்குது" என்று உங்களிடம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

இப்போது தெற்கு முகத்துப் பாறைகளில் பனி விட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை கதவைத் திறக்கப் போகிறோம். மற்ற ஆடுகளைப் பற்றிக் கவலையில்லை. அத்தையைப் பற்றித்தான். நான் கயிறு கட்டப் போனால் இப்போதெல்லாம் அது ஒதுங்குவதில்லை, நின்று வேடிக்கை பார்க்கிறது. பேசக் கூடாது என்று சொல்லியும் நான் பேசியிருக்கிறேன், மறைத்து என்ன பயன். வீட்டில் எனக்குப் பேச வேறு யார் இருக்கிறார்கள்? மனிதர்களுக்குப் பழகிய ஆடு மலையில் நிலைக்காது, வெளியே போகவில்லையென்றால் ஆயுளுக்கும் தடுப்புக்குள்தான் என்கிறார் கில். தூக்கமில்லை எனக்கு. பாக்கியை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன்.

சனிக்கிழமை

போய்விட்டது போரா அப்பா. கதவைத் திறந்துவிட்டு நாங்கள் எல்லோரும் வேலி மறைப்புக்குப் பின்னால் குந்தினோம். ஹ்வாங் இருமல் வரும் என்று வாயில் மப்ளரைத் திணித்துக்கொண்டார். மற்ற ஆடுகள் வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி பாறைமேல் ஏறி மறைந்தன. அத்தை மட்டும் கதவு வரை வந்தது, நின்றது, திரும்பித் தடுப்புக்குள் போய்விட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. கில் என்னைப் பார்க்கவேயில்லை.

உள்ளே போய் என்ன செய்தது தெரியுமா? கயிற்றில் மிச்சமிருந்த கீரையை நிதானமாக, ஒரு தழை விடாமல் தின்று முடித்தது. தின்று முடித்துவிட்டுக் கதவைத் தாண்டி, எங்கள் மறைப்பை ஒட்டியே நடந்து, செங்குத்துப் பாறையில் கால் வைத்து ஏறிப் போய்விட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. ஹ்வாங் மப்ளரை எடுத்துவிட்டு, "இவ்வளவு செஞ்சும் ஒரு பார்வை உண்டா பாரு. அத்தையாம் அத்தை" என்றார். அவருக்கு அந்தப் பெயர் எப்படித் தெரிந்தது என்று கேட்டால், ஊருக்கே தெரியும் என்கிறார். நான் மனசுக்குள் கூப்பிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். கில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வயிறு பார்த்தீங்களா அக்கா, கோடை தொடங்கும்போது குட்டி போடும் என்றார். அங்கேயே மூன்று பேரும் கையைப் பிடித்துக்கொண்டு பனிச் சகதியில் குதித்தோம். கில் வழுக்கி விழுந்தார். வயிறு வலிக்கச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

இனி உங்கள் கேள்வி.

இது வரை ஒழுங்காகப் படித்திருந்தால் நீங்களே ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். சூட்டில் பூட்டி வைத்தால் மூச்சு முட்டும், திறந்துவிட்டால் பிழைக்கும், டோக்-சிம்முக்குப் புத்தி வந்துவிட்டது, நம்மையும் திறந்துவிடப் போகிறாள் என்று. நேற்று வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் நானும் அப்படித்தான் நினைத்தேன். சம்மதம் என்று எழுத வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்துக்கொண்டேன்.

வந்து உங்கள் அறையைத் திறந்தேன். ஆட்டைத் தூக்கிப் போன அன்றே அந்த அறைக்குப் போகிற குழாயை மூடிவிட்டேன். ஒருத்திக்கு எதற்கு இரண்டு அறைச் சூடு? கில் செய்தது போல நானும் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இருட்டும் வரை எழுந்திருக்கத் தோன்றவில்லை.

போரா அப்பா, நீங்கள் மலையாடு இல்லை. உங்களுக்கு உடம்பிலும் மயிர் கிடையாது, தலையில் இருந்ததும் போய்விட்டது. போரா படிப்புக்கு நீங்கள் இந்த ஓர் ஆண்டு அனுப்புவது போதும், அவளே சொல்லிவிட்டாள், கேட்டுப் பாருங்கள். நானும் மலையாடு இல்லை. ஆட்டோடு பேசிப் பேசி அதைக் கெடுக்கப் பார்த்தேன், பேச ஆள் இல்லாமல்தான். உங்களோடு சண்டை போட வேண்டும், தாமதமாக அல்ல, அப்போதே பதில் வருகிற மாதிரி. எனக்குச் சம்மதம் இல்லை. கையெழுத்துப் போடாதீர்கள்.

அங்கே உங்களுக்குக் குளிர்காலம் இப்போதுதான் தொடங்குகிறது. காதை மூடிக்கொள்ளுங்கள், சூடாகச் சாப்பிடுங்கள், கூட வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கும் இருக்கிறதா என்று பார்த்துச் சாப்பிடுங்கள். எல்லாத் தெய்வமும் உங்களோடு நிற்கட்டும். விமானம் ஏறும் நாள் தெரிந்ததும் முதலில் எனக்குச் சொல்லுங்கள். குழாயைத் திறந்து வைக்க வேண்டும். அந்தத் தரை இவ்வளவு ஆறிக் கிடக்கிறது, சூடேற நேரம் பிடிக்கும்.

உங்கள்
டோக்-சிம்