மூன்றாம் மாடியும் புல்புல் தாராவும்

நவம்பர் 9, ஞாயிறு

காலையிலிருந்து புகை. எதிர் பிளாக் தெரியவில்லை. தொண்டையில் மண். ஐ.என்.ஏ. மார்க்கெட் போய் வந்தது: தேங்காய், இட்லி அரிசி, நல்லெண்ணெய், சுக்கு. கறிவேப்பிலை மறந்தாச்சு. அம்மாவிடம் திட்டு.

பத்து மணிக்கு ரஃபீக் சாச்சா, ஞாயிறுதோறும் வருவதுபோல. அப்பா மினிஸ்ட்ரியில் ஸ்டெனோவாக இருந்தபோது இவர் அங்கே டிரைவர். இப்போது இருவருமே ரிட்டயர்டு. சாச்சாவுக்குச் சொந்தமாக ஒரு கவ்வாலி கோஷ்டி, கல்யாண வீடுகளில் பாடுவார்கள். அதில் அப்பா புல்புல் தாரா. திருநெல்வேலி சுப்பையா, கவ்வாலியில். சொன்னால் யாரும் நம்புவதில்லை.

புல்புல் தாரா: நீளமான மரப்பெட்டி, கம்பிகள், அவற்றின் மேல் டைப்ரைட்டர் மாதிரி வட்டக் கட்டைகள். இடது கை கட்டையை அமுக்க வேண்டும், வலது கை மீட்ட வேண்டும். ஆபீசில் கம்ப்யூட்டர் வந்து டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு போனபோது, விரல் சும்மா இருக்கே பாபுஜி என்று சாச்சா வாங்கிக் கொடுத்தது. இங்கே பேஞ்சோ என்கிறார்கள். லோதி ரோடு பாட்டு மாமிகள் ஒருமுறை கேட்டுவிட்டு, கட்டையில் கமகம் எப்படி வரும், பொம்மை என்றார்களாம். அவர்கள் சபையில் ஏறாத எல்லாமே பொம்மைதான்.

இரண்டு மணி நேரம் வாசித்தார்கள். சாச்சா கையைத் தூக்கினால் அப்பா நிறுத்துகிறார், கண்ணைக் காட்டினால் வேகமெடுக்கிறார். என்னிடமோ அம்மாவிடமோ இப்படிக் கேட்டு நடந்ததே இல்லை.

மூன்று மணிக்குக் குடும்ப வாட்ஸப்பில் அப்பாவின் ஃபார்வர்டு. "இவர்களை" நாட்டை விட்டே அனுப்ப வேண்டும் என்று. சாச்சா குடித்த டீ கிளாஸ் இன்னும் கழுவவில்லை.

புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை.

நவ. 11, செவ்வாய்

கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா. சீனியர் பல்வலி, எரிந்து விழுந்தார்.

மத்தியானம் சாச்சா போன். ஹௌஸ் ராணியில் அவர் இருக்கும் வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்களாம். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மருமகளுக்கு ஏழாம் மாதம். எங்கள் பிளாக்கில் மூன்றாம் மாடி காலி. ஓனர் நொய்டாவில், அசோசியேஷன் சரி என்றால் அவருக்கும் சரி. அசோசியேஷன் செக்ரட்டரி: அப்பா. ஓக்லா பக்கம் வேறொரு வீடும் பார்த்திருக்கிறார், இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். எதற்குச் சரி சொல்வது என்று கேட்டார்.

இங்கேயே வாங்க சாச்சா, நான் வக்கீல், நான் பாத்துக்கறேன் என்றேன்.

மெட்ரோவில் வரும் வழியெல்லாம் சந்தோஷம். அப்பாவிடம் இன்னும் பேசவில்லை.

நவ. 13, வியாழன்

மூன்றாம் மாடி பற்றி ஓனர் அப்பாவைக் கேட்டிருக்கிறார், அதற்கு மீட்டிங் எங்கள் ஹாலில். ஐந்து அங்கிள்கள், சமோசா. நானும் அம்மாவும் சமையலறையில். யாரும் மதத்தின் பெயரைச் சொல்லவில்லை. "மாஹோல்" என்றார்கள், சூழல் கெட்டுவிடுமாம். "ஃபேமிலி டைப்" என்றார்கள். ஒருவர், நான்வெஜ் வாசனை வரும் என்றார்.

அம்மா மெதுவாக: "ஞாயித்துக்கிழம நம்ம குக்கர்ல வேகுதது என்னது, வெண்டக்காயா? நாம வந்த புதுசுல நம்ம மீன் கொழம்புக்கு மூக்கப் பொத்தினவன்தான இவன்."

வேண்டாம் என்று முடிவானது, அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எல்லாரும் போனபின் பிடித்துக்கொண்டேன். கூட உட்கார்ந்து வாசிக்கலாம், கூட குடியிருக்கக் கூடாதா?

"அது வேற, இது வேறட்டி."

எப்படி வேறே? சட்டப்படி இது என்ன தெரியுமா என்று ஆரம்பித்தேன். ஒரு தனியார் ஓனர் வாடகைக்கு விடமாட்டேன் என்றால் எந்தப் பிரிவில் இழுப்பது என்று எனக்கே தெளிவாகத் தெரியாது. பாதியில் நிறுத்தினேன்.

இரண்டு தோசையோடு எழுந்துவிட்டேன்.

நவ. 14, வெள்ளி

கண் எரிச்சல். சொட்டு மருந்து வாங்கணும்.

புல்புல் தாரா பற்றி போனில் தேடினேன், அப்பாவைக் குத்த ஏதாவது கிடைக்குமா என்று. கிடைத்தது. மூலம் ஜப்பான். டைப்ரைட்டரைப் பார்த்து யோசித்துச் செய்ததாம். நூறு வருஷத்துக்கு முன்னால், கொஞ்சம் முன்பின், கப்பலில் இங்கே வந்து, இங்குள்ளவர்கள் கம்பியை மாற்றிக்கட்டித் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். கராச்சியிலும் வாசிக்கிறார்கள்.

சொன்னேன். அப்பா பேப்பரிலிருந்து நிமிரவில்லை. "அட, போ ட்டி. சுத்தமான இந்திய வாத்தியம் இது."

ஜப்பான் பெட்டிக்கு எங்கள் வீட்டில் அம்மாவின் பழைய பட்டில் உறை. கூடவே, அதை வாங்கிக் கொடுத்தவனுக்கு மாடி கிடையாது. இதை எழுதினால் கோபம் வருகிறது. ஆனால் அப்பா அந்த உறையைத் தானே கையால் தைத்தது ஞாபகம் வருகிறது. அதை எங்கே வைப்பது?

நவ. 15, சனி

ஹௌஸ் ராணி போனேன். நேரில் சொல்வதுதான் மரியாதை. அப்பா சார்பில் மன்னிப்புக் கேட்கும் யோசனை. வழியெல்லாம் ஒத்திகை.

சாச்சா பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார். அப்பா இப்படிச் செய்துவிட்டார், எனக்கு வெட்கமாக இருக்கிறது என்றேன். ஒரு கிண்ணத்தைச் சுற்றி முடித்தார்.

"உங்கப்பா புதன்கிழமையே போன் பண்ணிட்டார், பேட்டா. மீட்டிங்குக்கு முந்தின நாள். ரஃபீக், இங்க நடக்காது, நானும் உனக்காக நிக்க மாட்டேன், வேற இடம் பாருன்னார்."

வெட்கமே இல்லாமல் அப்படிச் சொன்னாரா என்று கேட்டேன்.

"சொன்னார். நல்லவேளை சொன்னார். ஆனா ஓக்லா வீட்டை நான் செவ்வாய்க்கிழமையே வேண்டாம்னுட்டேனே." கொஞ்சம் சிரித்தார். "வக்கீல் சாஹிபா சொல்லியாச்சுன்னு."

அந்த வீடு அன்றே வேறு ஆளுக்குப் போய்விட்டதாம்.

மருமகள் கட்டிலில், கால் வீங்கி. மூன்றாம் மாடியில் பால்கனி உண்டா, குளிரில் வெயில் வருமா என்று என்னிடம் கேட்டாள். அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போல. வரும் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

நவ. 16, ஞாயிறு

பத்து மணி. யாரும் வரவில்லை. அப்பா வாசலுக்கு இரண்டு தரம் போய் வந்தார். மட்டன். சாப்பிட்டேன்.

பழைய கணக்கு: அப்பா கெட்டவர், நான் நல்லவள். புதுக் கணக்கு தெரியவில்லை. அப்பா செய்தது தப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் வாக்கை நம்பி யாரும் தெருவுக்கு வரவில்லை.

நவ. 19, புதன்

பதினேழு புரோக்கர்களுக்கு போன் போட்டேன். பெயர் கேட்கும்வரை வீடு இருக்கிறது.

நவ. 23, ஞாயிறு

குளிர். கீசரில் தண்ணீர் சுடவில்லை.

ஒன்பதரைக்கு அப்பா ஸ்வெட்டர் போட்டு, பெட்டியை உறையோடு தோளில் மாட்டி நின்றார். எங்கே என்றேன். ஓக்லா. சாச்சா குடும்பம் இப்போது அங்கே அவர் மச்சான் வீட்டில், ஒரே அறையில் ஏழு பேர். இடமில்லாததால் மொட்டை மாடியில் பிராக்டிஸ். அடுத்த வாரம் ஒரு நிக்காஹ் புரோகிராம்.

"அவர் கூப்பிட்டாரா?"

"பின்ன? ராத்திரி போன் போட்டாம்ல."

போக உங்களுக்குக் கூசவில்லையா என்று கேட்டேன். கூசுது என்றார். ஷூ லேஸைக் கட்டினார். குனிந்து எழ மூச்சு வாங்கியது.

கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

அப்பா யோசித்தார்.

"உன்னப் பத்திப் பேச்சே வரலட்டி."

இறங்கிப் போய்விட்டார்.